கூட்டுக் குடும்பமாகத் தீம் பார்க்: எங்கே தங்குவது? வாசகர் கேள்வி – பதில்

சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல்லையும் கொள்முதல் நிலையத்தில் போட்டாயிற்று. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை வேலை பிடித்துக்கொள்ளும். இடையில் கிடைக்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் டெல்டாக் குடும்பங்கள் மொத்தமாக ஊரை விட்டுக் கிளம்ப முடிகிறது. பள்ளி விடுமுறையும் அப்போதே என்பதால் தமிழ்நாடே அதே வாரங்களில் அறை தேடுகிறது. வந்திருக்கும் கேள்விகளில் பலவும் 'எத்தனை அறை எடுக்க வேண்டும்?' என்றுதான் கேட்கின்றன. பெரிய குடும்பத்துக்கு அறையின் எண்ணிக்கையை விட, குளியலறையின் எண்ணிக்கையும் போய்ச் சேரும் நேரமும்தான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன. பதில்களில் அது திரும்பத் திரும்ப வரும்.

கேள்வி: நான்கு குடும்பம், மொத்தம் 21 பேர். மாமனார், மாமியார் எழுபதைத் தாண்டியவர்கள். மாமியாருக்கு முழங்கால் வலி. பிள்ளைகள் ஏழு பேர், கடைக்குட்டிக்கு ஒன்றரை வயது. மே மாதம் திருப்போரூர் வொண்டர்லாவுக்கு ஒரு நாள், வி.ஜி.பி.க்கு ஒரு நாள் என்று திட்டம். ஈ.சி.ஆரில் ஒரே பங்களாவாக எடுக்கலாமா, ஹோட்டலில் அறை அறையாக எடுக்கலாமா? — வாசகி, கும்பகோணம்

முதலில் இடத்தை முடிவு செய்துகொள்ளுங்கள். வி.ஜி.பி. இருப்பது ஈஞ்சம்பாக்கத்தில். 2025 டிசம்பரில் திறந்த சென்னை வொண்டர்லா இருப்பது திருப்போரூர் அருகே இள்ளலூரில். இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 30 கி.மீ. எனவே ஏதோ ஒரு பார்க்கின் வாசலிலேயே தங்கினால் மறுநாள் அலைச்சல்தான். ஈ.சி.ஆரையும் ஓ.எம்.ஆரையும் இணைக்கும் கோவளம் – கேளம்பாக்கம் சாலையை ஒட்டித் தேடுங்கள். இரண்டு பக்கமும் போவது சுலபம். செலவு குறைய வேண்டுமென்றால் மாமல்லபுரம். அங்கிருந்து திருப்போரூர் சுமார் 15 கி.மீ.; எல்லா விலையிலும் லாட்ஜ் உண்டு, இரவு சாப்பாட்டுக்கும் திண்டாட வேண்டாம். வி.ஜி.பி. மட்டும் சற்றுத் தூரமாகிவிடும்.

இனி பங்களா. '20 பேர் தங்கலாம்' என்று விளம்பரம் இருந்தால், அதற்குப் பெரும்பாலும் பொருள் இதுதான்: நான்கு படுக்கையறையில் எட்டுப் பேர், மீதிப் பேர் ஹாலில் மெத்தை போட்டு. ஆகவே 'எத்தனை பேர் தங்கலாம்' என்று கேட்காதீர்கள். கட்டில் எத்தனை, தரையில் விரிக்கும் மெத்தை எத்தனை, தலையணை, போர்வை எத்தனை, குளியலறை எத்தனை, அதில் அறையோடு சேர்ந்தது எத்தனை, கீழ்த்தளத்தில் எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே பதில் வாங்குங்கள்.

குளியலறைக் கணக்கு எளிது. கைக்குழந்தையை விட்டால் 20 பேர். ஆளுக்குக் கால் மணி நேரம் என்றால் 300 நிமிடம். மூன்று குளியலறை இருந்தால் 100 நிமிடம் ஆகும். ஐந்து இருந்தால் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் தயார். காலை டிபனையும் சேர்த்தால் மூன்று குளியலறை வீட்டிலிருந்து பார்க் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேருவது நடக்காத காரியம். திறந்தவுடன் உள்ளே போகிறவர்களுக்குத்தான் பெரிய ராட்டினங்களில் வரிசை குறைவாக இருக்கும். 21 பேருக்கு ஐந்து குளியலறைக்குக் கீழே இருக்கும் வீட்டை, எவ்வளவு அழகான நீச்சல் குளம் இருந்தாலும், விட்டுவிடுங்கள்.

சாயங்காலம் தண்ணீர்ச் சிக்கல் வரும். தண்ணீர் விளையாட்டு முடிந்து குளோரின் வாடையோடு 20 பேரும் ஒரே நேரத்தில் வந்து குளிப்பார்கள். ஆளுக்கு மூன்று வாளி, 60 லிட்டர் என்றால் 1,200 லிட்டர் அந்த ஒரு மணி நேரத்திலேயே போய்விடும். ஆயிரம் லிட்டர் தொட்டி உள்ள வீட்டில் பதினேழாவது ஆள் சோப்புப் போட்டுக்கொண்டு நிற்பார். தொட்டியின் அளவையும், மோட்டார் சுவிட்ச் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, காவலாளி வந்துதான் போட வேண்டுமா என்பதையும் கேளுங்கள். 15 லிட்டர் கீஸர், 2 கிலோவாட் என்றால், ஒருமுறை சூடாகக் கிட்டத்தட்ட 20 நிமிடம் எடுக்கும். மே மாதத்தில் வெந்நீர் பெரியவர்களுக்கும் குழந்தைக்கும் மட்டும் என்று சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை. கடற்கரையை ஒட்டிய சில இடங்களில் நிலத்தடி நீர் உப்பு, சோப்பு நுரைக்காது. குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர் கணக்கில் இருக்கட்டும்.

மின்சாரமும் கேட்க வேண்டியதே. நான்கைந்து ஏ.சி. ஒரே இரவில் ஓட வேண்டும். ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று ஒன்றரை கிலோவாட் வரை இழுக்கும். மூன்று ஃபேஸ் இணைப்பு இல்லாத வீட்டில், எல்லா ஏ.சி.யும் கீஸரும் சேர்ந்து ஓடினால் நடு இரவில் டிரிப் ஆகும். 'பவர் பேக்-அப் உண்டு' என்பார்கள். இன்வெர்ட்டர் என்றால் ஃபேனும் விளக்கும் மட்டும். ஜெனரேட்டரா, அதில் ஏ.சி. ஓடுமா, டீசல் காசு யாருடையது? மூன்றையும் கேளுங்கள்.

யார் எங்கே படுப்பது என்பதை ஊரிலேயே தாளில் எழுதிவிடுங்கள். மாமியாருக்குக் கீழ்த்தளம், வெஸ்டர்ன் டாய்லெட் சேர்ந்த அறை. இது இல்லாத வீடு உங்களுக்கு ஆகாது. ஈ.சி.ஆர். பங்களாக்கள் பலவற்றில் கீழே ஹாலும் சமையலறையும், படுக்கையறைகள் எல்லாம் மாடியில். புகைப்படத்தில் இது தெரியாது. வீடியோ காலில் வாசலிலிருந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்காரர்களுக்குத் தனி அறை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஹால். மாடியில் துணி காயப்போடக் கொடி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர்ப் பகுதியில் பருத்தித் துணிக்கும் சேலை, துப்பட்டாவுக்கும் அனுமதி கிடையாது, நைலான் வகைத் துணிதான். 21 பேரின் ஈரத் துணி மறுநாள் காலைக்குள் காய வேண்டுமே.

வரி விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. தங்கும் இடத்துக்கான ஜி.எஸ்.டி. ஓர் அலகுக்கு ஒரு நாள் வாடகையை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 18 சதவீதம். பங்களா முழுவதும் ஒரே அலகாக 24,000 ரூபாய்க்குப் பில் போட்டால் வரி 4,320. அதே 24,000-ஐ ஆறு அறைக்கு 4,000 வீதம் கொடுத்தால் வரி 1,200. ஓர் இரவுக்கு 3,120 ரூபாய் வித்தியாசம். விலை பேசும்போது 'வரி உட்படவா, தனியா' என்பதை முதல் வாக்கியமாகக் கேளுங்கள்.

சமையலறை இருப்பதால் செலவு மிச்சம் என்று சிலர் பங்களா எடுக்கிறார்கள். வொண்டர்லாவுக்குள் வெளிச் சாப்பாடு கொண்டுபோக முடியாது. ஆக மதியச் சாப்பாடு மிச்சமாகாது. டிபனும் இரவுச் சாப்பாடும்தான். அந்த மிச்சமும் பெண்கள் அடுப்படியில் நிற்கும் கணக்கில்தான் எழுதப்படும். சமையலுக்கு ஆள் வைத்தால் மட்டும் சமையலறைக்குக் காசு கொடுங்கள். அப்போதும் சிலிண்டர் முழுதாக இருக்கிறதா, 20 பேருக்கு இட்லிப் பானையும் குக்கரும் உண்டா, அசைவம் சமைக்கலாமா என்று கேட்டுவிட்டு.

எங்கள் தீர்ப்பு: கீழ்த்தள அறையும் ஐந்து குளியலறையும் உள்ள பங்களா கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் லிஃப்ட் உள்ள ஹோட்டலில் ஒரே தளத்தில் ஏழு அறை. 'ஒரே தளம்' என்பதை முன்பதிவின்போதே எழுதி வாங்க வேண்டும். கவுன்டரில் போய்க் கேட்டால், மே மாதக் கூட்டத்தில் இரண்டாம் மாடியில் மூன்று, நான்காம் மாடியில் நான்கு என்று பிரித்துவிடுவார்கள்.

ரயிலில் போவதானால் இன்னொரு சிக்கல். உழவன் எக்ஸ்பிரஸ் போன்ற இரவு ரயில்கள் விடிவதற்கு முன்பே சென்னையில் இறக்கிவிடும். பங்களாக்களில் சாவி கிடைப்பது மதியம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கு. ஏழெட்டு மணி நேரம் 21 பேரும் மூட்டை முடிச்சோடு எங்கே போவீர்கள்? முந்தைய இரவுக்கும் சேர்த்து ஒன்றிரண்டு அறைக்கு மட்டும் வாடகை கட்டி முகம் கழுவிக்கொள்ளலாம். அல்லது வேனில் விடியற்காலை கிளம்பி விக்கிரவாண்டி, திண்டிவனம் வழியாக மதியத்துக்குப் போய்ச் சேரலாம். அன்று வி.ஜி.பி. வேண்டாம், ஓய்வு. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும், ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான். உங்களுக்கு நான்கு டிக்கெட் வேண்டும். பெரியவர்கள் இருவரை மட்டும் தனி டிக்கெட்டில் போட்டால் மூத்தோர் ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கை கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பெட்டி மாறிப்போகலாம், துணைக்கு ஒருவர் போய்வர வேண்டியிருக்கும்.

போகிற போக்கில் ஒன்று: அந்த வொண்டர்லாவில் தண்டவாளத்துக்குக் கீழே தொங்கியபடி போகும் பெரிய ரோலர் கோஸ்டருக்கு 'தஞ்சோரா' என்று பெயர். நம்ம ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று மாமனாரை ஏற்றிவிடாதீர்கள்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் பார்த்த ஒரு கடற்கரை வில்லா, மற்றவற்றை விடப் பாதி வாடகை. 'மூன்று பேர் கேட்கிறார்கள், இன்றே முழுப் பணமும் போட்டால் உங்களுக்கு' என்கிறார்கள். நம்பலாமா? — வாசகர், மன்னார்குடி

வேண்டாம். பாதி விலை, அவசரம், முழுப்பணம் மூன்றும் சேர்ந்து வந்தால் அங்கே பெரும்பாலும் வீடே இருக்காது. இருந்தாலும் அது வேறு யாருடையதாகவோ இருக்கும். வேறு ஹோட்டலின் படத்தை எடுத்துப் போட்டு ஏமாற்றுவதுதான் வழக்கமான முறை.

சோதித்துப் பார்க்க விரும்பினால் இப்படிச் செய்யுங்கள். அந்தப் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். வேறு பெயரில், வேறு ஊரில் அதே படம் வந்தால் முடிந்தது. வீடியோ காலில் வெளிக் கேட்டிலிருந்து தொடங்கி, தெருவைக் காட்டி, பிறகு உள்ளே வரச் சொல்லுங்கள். ஏமாற்றுகிறவர் 'நெட்வொர்க் இல்லை' என்பார். யு.பி.ஐ.யில் பணம் போடுமுன் திரையில் தெரியும் பெயரும், பேசியவர் சொன்ன உரிமையாளர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். 'பணம் திருப்பித் தருகிறோம், இந்த க்யூ.ஆரை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்கள்' என்றால் அது உங்கள் கணக்கிலிருந்து இன்னொரு தொகை போகும் வழி. பணம் வாங்குவதற்கு பின் எண் தேவையே இல்லை.

முன்பணமாக வாடகையில் கால் பங்கு கொடுத்து, மீதியைச் சாவி வாங்கும்போது தருவது நியாயமான முறை. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும் அந்தத் தொகை இரண்டு மூன்று கணக்கு தாண்டிவிடும். முதல் கணக்கில் இருக்கும்போதே முடக்கினால்தான் திரும்ப வர வாய்ப்பு.

கேள்வி: பங்காளிகள் எல்லாம் சேர்ந்து 38 பேர். ஹோட்டல் கட்டுப்படியாகாது. கேளம்பாக்கம் பக்கம் கல்யாண மண்டபம் எடுத்துத் தங்கலாமா? — வாசகர், திருத்துறைப்பூண்டி

எடுக்கலாம். முப்பது பேரைத் தாண்டினால் நாங்களே சொல்லக்கூடிய வழி இதுதான். மண்டபம் என்பது 'அறை வாடகை' இல்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 

சித்திரை, வைகாசி முகூர்த்த மாதங்கள். பஞ்சாங்கத்தை எடுத்துக்கொண்டு முகூர்த்தம் இல்லாத நாட்களைக் குறியுங்கள். முகூர்த்தத்துக்கு முதல் நாள் மாலையே வரவேற்புக்கு மண்டபம் போய்விடும், முதல் நாள் மதியமே பெண் வீட்டார் வந்துவிடுவார்கள். ஆக இரண்டு இரவு தங்க, முகூர்த்தமில்லாத நாட்கள் தொடர்ச்சியாக மூன்று வேண்டும். தேய்பிறையில் இவை எளிதாகக் கிடைக்கும், விலையும் இறங்கும். ஆடியில் இன்னும் மலிவு; ஆனால் அப்போது உங்களில் பாதிப் பேர் வயலில் இருப்பீர்கள்.

சொல்லும் வாடகை ஒன்று, கடைசியில் வரும் பில் வேறு. கரண்ட் மீட்டர் கணக்கில் தனி, துப்புரவு தனி, ஜெனரேட்டர் மணிக் கணக்கில் தனி, கேஸ் தனி. உள்ளே நுழைந்ததும் மேனேஜரை வைத்துக்கொண்டே மீட்டரைப் படம் எடுங்கள், கிளம்பும்போதும் எடுங்கள். பெரிய ஹாலின் ஏ.சி.யை 38 பேருக்காக ஓட்டினால் வாடகைக்குச் சமமாகக் கரண்ட் பில் வந்து நிற்கும். மணமகன், மணமகள் அறை தவிர இன்னும் எத்தனை ஏ.சி. அறை உண்டு என்று பார்த்து, பெரியவர்களையும் குழந்தைகளையும் அதில் போட்டு, மற்றவர்கள் சாப்பாட்டுக் கூடத்திலோ மாடியிலோ ஃபேன் காற்றில் படுப்பதே கட்டுப்படியாகும்.

மண்டபத்தில் கழிப்பறை நிறைய இருக்கும், குளியலறை குறைவாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஜமக்காளம், தலையணை, போர்வை, கொசுவலை எல்லாம் ஊரிலிருந்தே வர வேண்டும். வாடகைக்கு எடுப்பதென்றால் பந்தல்காரரிடம் மெத்தை கிடைக்கும். விரிப்பு சொந்தமாக இருக்கட்டும். நகை, பணம் வைக்கப் பூட்டும் அறை ஒன்று வேண்டும், சாவி ஒரே ஆளிடம். மராட்டியர் காலத்துச் சத்திரங்கள் ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கும் மண்ணிலிருந்து போகிறீர்கள். நாலு பேர் ஒரே கூடத்தில் படுப்பது நமக்குப் புதிதில்லை. ஆனால் பெண்களுக்கு உள்தாழ்ப்பாள் உள்ள தனிக் கூடம் இல்லாத மண்டபத்தை எடுக்காதீர்கள்.

கேள்வி: 12 பேர். மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் போகிறோம். கோயம்புத்தூரில் தங்குவதா, பார்க் பக்கத்திலேயா? — வாசகி, மயிலாடுதுறை

இரண்டிலும். மயிலாடுதுறை – கோவை ஜன் சதாப்தி மதியத்துக்கு மேல் கிளம்பி இரவில் கோவை சேரும் (செவ்வாய்க்கிழமை ஓடாது). அந்த நேரத்தில் 12 பேரைக் கூட்டிக்கொண்டு இன்னும் 40 கி.மீ. போக வேண்டாம். முதல் இரவு கோவை ரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள லாட்ஜ்களில் சாதாரண அறை போதும், படுத்து எழுவதற்குத்தானே. காலையில் மேட்டுப்பாளையம் பாசஞ்சரிலோ வேனிலோ கிளம்புங்கள்.

பார்க் முடிந்த இரவுக்குத்தான் பக்கத்தில் நல்ல அறை வேண்டும். நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த பிள்ளைகள் வண்டியில் ஏறியதும் தூங்கிவிடுவார்கள். மறுபடி எழுப்பி, சாப்பாடு கொடுத்து, மாடி ஏற்றுவது பெரும்பாடு. பார்க்குக்கே சொந்தமான தங்கும் விடுதி அங்கேயே இருக்கிறது. வாடகையில் நுழைவுச் சீட்டும் சேர்த்தியா, எத்தனை பேருக்கு, ஒரு நாளுக்கா இரண்டு நாளுக்கா என்று கேட்டுவிட்டுத்தான் மேட்டுப்பாளையம் லாட்ஜ் விலையோடு ஒப்பிட வேண்டும். மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சிக் கூட்டம், ஊட்டியில் இடம் கிடைக்காதவர்கள் கீழே மேட்டுப்பாளையத்தில்தான் வந்து விழுவார்கள். அந்த வாரத்தைத் தவிருங்கள். மறுநாள் ஊட்டிக்கும் ஏறுவதாக இருந்தால் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், 2024 மே முதல் அந்த விதி.

கேள்வி: டெம்போ டிராவலர் எடுத்துப் போகிறோம். டிரைவருக்கும் தங்க இடம் பார்க்க வேண்டுமா? பேட்டா கொடுக்கிறோமே! — வாசகர், திருவாரூர்

பேட்டா சாப்பாட்டுக்கும் சில்லறைச் செலவுக்கும். படுக்கை தனி. வண்டிக்குள்ளேயே மே மாத வெக்கையில், கொசுக்கடியில் தூங்கிவிட்டு வருபவர்தான் மறுநாள் இரவு உங்கள் மொத்தக் குடும்பத்தையும் விக்கிரவாண்டி வழியே ஓட்டி வரப் போகிறார். நல்ல ஹோட்டல்களில் டிரைவர் டார்மிட்டரி இருக்கும், பெரும்பாலும் இலவசம் அல்லது சொற்பத் தொகை. பங்களாவில் காவலாளி அறைப் பக்கம் இடம் உண்டா என்று கேளுங்கள். வண்டி நிறுத்தும் இடமும் முக்கியம்: டெம்போ டிராவலர் அடித்தளப் பார்க்கிங்கில் உயரம் இடித்து நுழையாது. ஈ.சி.ஆரின் கடற்கரைப் பக்கச் சந்துகள் குறுகல், திருப்பவும் இடம் இருக்காது. 'வேன் கேட்டுக்குள் வருமா?' என்று கேட்டுவிடுங்கள்.

கேள்வி: பெங்களூர் வொண்டர்லா ரிசார்ட்டில் எங்கள் 16 பேருக்கும் அறை கிடைக்குமா? — வாசகர், தஞ்சாவூர்

பிடதியில் பார்க்கை ஒட்டியே இருக்கும் அந்த ரிசார்ட்டில் மொத்தம் 84 அறைகள். மே மாத சனி, ஞாயிறில் ஐந்தாறு அறை ஒன்றாகக் கிடைப்பது கடினம். செவ்வாய், புதன் பாருங்கள். கிடைக்காவிட்டால் பெங்களூரு நகருக்குள் போகாதீர்கள், மைசூரு சாலையில் கெங்கேரி, பிடதிப் பக்கமே தேடுங்கள். சொந்த வண்டியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலை பிடதியைத் தொடாமல் பைபாஸாகப் போகிறது. இறங்க வேண்டிய இடத்தை விட்டால் ராமநகரம் பக்கம் போய்த்தான் திரும்ப வேண்டும். வேனுக்குக் கர்நாடக பெர்மிட் இருக்கிறதா, அந்தச் செலவு வாடகையில் சேர்த்தியா என்பதையும் கிளம்புமுன் பேசிவிடுங்கள். குழந்தைகள் சீட்டு அங்கே வயதை வைத்து இல்லை, உயரத்தை வைத்து: 85 செ.மீ.க்குக் கீழ் இலவசம், 140 செ.மீ. வரை குழந்தைக் கட்டணம். வீட்டுச் சுவரிலேயே அளந்து எண்ணிக்கை போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாமா குடும்பம் நான்கு பேருக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். நாங்கள் ஒன்பது பேர். கொச்சி வொண்டர்லாவுக்குப் போய் ஹோம்ஸ்டேயில் தங்க நினைக்கிறோம். சிக்கல் வருமா? — வாசகர், காரைக்கால்

பாஸ்போர்ட்டால் வரலாம். வெளிநாட்டுக் குடிமக்களைத் தங்க வைக்கும் எவரும், ஹோம்ஸ்டே உட்பட, 24 மணி நேரத்துக்குள் 'படிவம் சி' என்று பரவலாகச் சொல்லப்படும் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டும். அதற்கான பதிவு எண் வாங்கி வைக்காத சிறிய வீட்டுக்காரர்கள், நீங்கள் வாசலில் போய் நிற்கும்போது 'வெளிநாட்டுக்காரரை வைக்க முடியாது' என்பார்கள். ஒன்பது பேர் உள்ளே, நான்கு பேர் வெளியே என்று ஆகிவிடும். எனவே முன்பணம் போடுமுன் 'பிரெஞ்சு பாஸ்போர்ட் நான்கு, படிவம் சி போடுவீர்களா?' என்று கேளுங்கள். பாஸ்போர்ட் முதல் பக்கம், விசா பக்கம் அல்லது ஓ.சி.ஐ. அட்டை, இவற்றின் நகல் ஆளுக்கு இரண்டு எடுத்து வாருங்கள். 'பார்த்தால் நம்ம ஊர் ஆள்தானே, ஆதார் இல்லை என்று சொல்லிச் சமாளிக்கலாம்' என்ற யோசனை வேண்டாம். மாட்டினால் வீட்டுக்காரருக்கும் சங்கடம்.

பயணம் உங்களுக்கு வசதி. காரைக்கால் – எர்ணாகுளம் இரவு ரயில் காலையில் இறக்கிவிடும். பார்க் இருப்பது பள்ளிக்கரையில்; எர்ணாகுளம் நகருக்குள் தங்குவதை விடக் காக்கநாடு பக்கம் தங்கினால் நெரிசல் குறைவு. ஜூன் தொடங்கினால் கேரளத்தில் மழை பிடித்துவிடும், மே மூன்றாம் வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள்.

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் ஈ.சி.ஆர். போகலாம் என்றிருக்கிறோம். டிசம்பர் மழைக்கு என்ன செய்வது? — வாசகி, சீர்காழி

உங்களுக்கு மழை என்றால் அங்கேயும் மழைதான், ஒரே கடற்கரை. இடி மின்னல் வந்தால் உயர ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். சீட்டுக் காசு திரும்பாது. அறையில் 'ரத்து செய்தால் பணம் இல்லை' என்ற மலிவு விலையை டிசம்பரில் எடுக்கவே கூடாது. பத்துப் பன்னிரண்டு சதவீதம் அதிகம் கொடுத்தாலும் ரத்து வசதி உள்ளதையே எடுங்கள். தனியார் பங்களா என்றால் 'வானிலை எச்சரிக்கை வந்தால் தேதி மாற்றித் தருகிறோம்' என்று வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். டிசம்பர் 30 முதல் ஜனவரி 1 வரை அந்தப் பக்கமே வேண்டாம். வாடகை பல மடங்கு, பக்கத்து பங்களாவில் விடிய விடிய ஆட்டம்.

கேள்வி: சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பார்க்க 11 பேர் போகிறோம். தம்பி அங்கே வேலையில் இருக்கிறான், அவன் அறையில் எல்லோரும் தங்க முடியாது. ஏர்பிஎன்பி-யில் முழு வீடு எடுத்தால் மலிவா? — வாசகர், பட்டுக்கோட்டை

எடுக்காதீர்கள். சிங்கப்பூரில் தனியார் குடியிருப்பை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடுவது சட்ட விரோதம், எச்.டி.பி. எனும் அரசு அடுக்குமாடி வீடு என்றால் குறைந்தது ஆறு மாதம். இணையத்தில் யாராவது நாள் வாடகைக்கு வீடு காட்டினாலும், அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தால் நடு இரவில் வெளியேற வேண்டிவரும். சர்வீஸ்டு அபார்ட்மென்ட் சட்டப்படி சரி, ஆனால் குறைந்தது ஏழு நாள் தங்க வேண்டும். உங்கள் பயணம் ஐந்து நாள் என்றால் ஹோட்டல்தான் வழி.

அங்கே ஓர் அறைக்கு இத்தனை பேர் என்பதில் நம் ஊர் மாதிரி நெகிழ்வு கிடையாது. மூன்று பேர் அறையில் ஐந்து பேர் நுழைய முடியாது. குழந்தைகளின் வயதைச் சரியாகப் போட்டே பதிவு செய்யுங்கள். மூவர் அறை மூன்று, இருவர் அறை ஒன்று என்று 11 பேருக்கு நான்கு அறை. 'இடைக்கதவு உள்ள அறை' என்று கேட்டால் அடுத்தடுத்த அறை இரண்டு, உள்ளே கதவு வைத்துக் கிடைக்கும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஏற்றது. விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தால், 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன் மேல் 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் தனி: 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று காட்டுவது 119.90 வெள்ளியாக வரும்.

செந்தோசாத் தீவிலேயே தங்கினால் பார்க் பக்கம், விலை உச்சம். தேக்கா (லிட்டில் இந்தியா), ஃபேரர் பார்க் பக்கம் தங்குங்கள். இட்லி, தோசை கிடைக்கும்; வடகிழக்கு எம்.ஆர்.டி. (மெட்ரோ ரயில்) தடத்தில் மாறாமல் நேராக ஹார்பர்ஃபிரண்ட் போய் இறங்கலாம். அங்கேயுள்ள விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் தளத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில் உண்டு. கால் நல்லவர்கள் கடற்பாலத்தில் இலவசமாகவே நடந்து போகலாம். ஏர்போர்ட்டில் இறங்குமுன் மூன்று நாளுக்குள் எஸ்.ஜி. அரைவல் கார்டை ஆளுக்கு ஒன்று ஆன்லைனில் நிரப்ப வேண்டும், தங்கும் முகவரி அதில் கேட்பார்கள். அரசின் தளத்தில் அது இலவசம். காசு கேட்கும் தளம் வந்தால் மூடிவிட்டு, குடிவரவுத் துறையின் பக்கத்தைத் தேடிப் போங்கள்.